மாந்தோப்பு நகரில் குடியிருப்பது பற்றி

ஜபல்பூர்,
12.11.2023

டீச்சர் அம்மா சுகுணா அவர்களுக்கு, கவுஸ் பாஷா எழுதுவது.

நாங்கள் இங்கே நலம். நீங்களும் பாப்பா கலைமதியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எப்போதும் போனில் பேசுகிற வீட்டுக்காரர் திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். போனில் கேட்டால் 'நல்லாத்தான் இருக்குங்க' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுதினால் யோசித்து எழுதுவீர்கள்.

வருகிற மே மாதத்தோடு ரயில்வேயில் என் வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஓசூரில் இருக்கும் மகன் நதீம், அதியமான்கோட்டை வீட்டை விற்றுவிட்டுத் தன் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எனக்கோ சொந்த வீட்டில் இருந்து பார்க்க ஆசை. என் மனைவி ரஹமத் பீவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை.

அந்த வீட்டை லீவு போட்டுப் போட்டு வந்து கட்டினேன். ஒரே ஒரு ராத்திரி அதில் தூங்கினேன். அடுத்த வாரம் நீங்கள் குடி வந்தீர்கள். ஏழு வருடமாக மாந்தோப்பு நகரில் இருப்பவர் நீங்கள். அங்கே இருப்பதில் என்ன நன்மை, என்ன தீமை என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதுங்கள். வயதான இரண்டு பேர் வந்து வாழலாமா? உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

கவுஸ் பாஷா


மாந்தோப்பு நகர்,
அதியமான்கோட்டை,
26.11.2023

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடிவந்தாலும் நான் காலி செய்ய வேண்டும், விற்றாலும் காலி செய்ய வேண்டும். அதனால் எந்தப் பக்கமும் சாய்ந்து எழுத எனக்குக் காரணமில்லை. இதை நீங்கள் யோசித்துக் கேட்டீர்களா, யோசிக்காமல் கேட்டீர்களா என்று தெரியவில்லை. எப்படியானாலும் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள்.

பெயர்தான் மாந்தோப்பு. ஒரு மாமரம்கூட இல்லை. மனை போட்டபோதே வெட்டிவிட்டார்கள். காலி மனைகளில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் பாம்பு வரும். போன மாதம் வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒன்று இருந்தது.

போர் தண்ணீர் துணி துவைக்கத்தான் ஆகும். குடித்தால் பல்லில் காவி ஏறும், கை கால் மூட்டு பிடித்துக்கொள்ளும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் விடுகிறார்கள். அது வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்து நகருக்கு வரும் பாதையில் நிழலே கிடையாது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் ஹைவேயைக் கடக்க வேண்டும். பாலத்துக்கு அடியில் சுற்றிப் போவதுதான் நல்லது. யாரும் போவதில்லை, குறுக்கேதான் ஓடுகிறார்கள். தொப்பூர்ப் பக்கம் போகிற லாரிகளின் சத்தம் ஓயாது. முதல் ஆறு மாதம் எரிச்சலாக இருந்தது. இப்போது தர்மபுரி டவுனில் தங்கினால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நன்மையும் இருக்கிறது. காற்று நன்றாக வரும், கோடையில்கூட ஜன்னலைத் திறந்து வைக்கலாம். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். கலைமதி அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறாள். டவுனில் இருந்தபோது பக்கத்து வீட்டு டிவிதான் எங்கள் டிவி. இங்கே அந்தத் தொல்லை இல்லை. நம் வீட்டுச் சுவர் நம் வீட்டுச் சுவராக இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியண்ணன் ஐயாதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இந்த இடம் முன்பு அவருடைய தோப்பு. தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் அவர்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். அவர் இல்லையென்றால் பாதி விளக்கு எரியாது.

கலைமதி பிளஸ் டூ படிக்கிறாள். மார்ச்சில் தேர்வு. முடிவு எதுவானாலும் அதுவரை இருக்க அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

சுகுணா


ஜபல்பூர்,
10.12.2023

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய முதல் பத்தியைப் படித்து வெட்கப்பட்டேன். நான் யோசிக்காமல்தான் கேட்டேன். பாப்பா தேர்வு முடியும்வரை உங்களை யாரும் அசைக்க மாட்டார்கள்.

கடிதத்தை ரஹமத்துக்கு வாசித்துக் காட்டினேன். பாம்புக்குப் பயப்படவில்லை. "பள்ளிவாசல் எவ்ளோ தூரம்? பாங்கு கேக்குமா? நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டாள். உங்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். போன வாரம் பெரியண்ணன் போன் செய்தார். நான் விற்கப்போவதாக அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நல்ல ஆள் கைவசம் இருக்கிறார் என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொன்னதும் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "பாய், உங்களுக்கும் இங்க தனியா இருக்கும். டவுன்ல உங்க ஆளுங்களோட இருந்தீங்கன்னா ஒரு நல்லது கெட்டதுக்கு ஆச்சு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

மனை வாங்கியபோது கைகொடுத்து வாழ்த்துச் சொன்னவர் அவர். இது அவர் ஒருவருடைய எண்ணமா, அந்த நகரின் எண்ணமா? தீமைகளில் இதை நீங்கள் எழுதவில்லையே. தெரியாமலா, எழுத வேண்டாம் என்றா?

கவுஸ் பாஷா


மாந்தோப்பு நகர்,
31.12.2023

ஐயா அவர்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை நிர்மலாதேவி அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவர் பெரியண்ணன் ஐயாவின் மனைவி. வேறு வீடு ஏதாவது தெரியுமா என்று விசாரிக்கும்போது காரணம் கேட்டார், சொன்னேன். அது போனாக உங்களுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

கூட்டம் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. சாக்கடை பற்றித்தான் பேச்சு. முடிகிற நேரத்தில் பெரியண்ணன் ஐயா, "பாஷா வூட்ட விக்கறாப்புல தெரியுது. நம்மளுக்குள்ளயே யாராச்சும் முடிச்சுக்கிட்டா நல்லது. வெளியாளு ஒருத்தர் வந்தா அப்பறம் ஒண்ணொண்ணா வருவாங்க" என்றார்.

ஹைவேயில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மாது, "அவரு வூட்டுக்கு அவரு வர்றதப் பத்தி நாம என்னங்க பேசறது? சாக்கடையப் பேசுங்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் எழுந்து, "ஐயா, நானும் வெளியாளுதானுங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க வாடகைக்கு இருக்கறவங்க டீச்சர். அது வேற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: அவர் ஒருவருடைய எண்ணம் இல்லை. அவரோடு மூன்று நான்கு வீடுகள். மாதுவைப் போலச் சில வீடுகள். மற்றவர்களுக்கு மோட்டார் ஓடினால் போதும், யார் வந்தாலும் போனாலும் கவலையில்லை. முதல் கடிதத்தில் எழுதாததற்குக் காரணம், உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நடப்பது எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தெருவில் ஒரு மாடி காலியாக இருக்கிறது. போய்க் கேட்டேன். "சொந்த ஊரு எதுங்க?" என்றார்கள். அரூர்ப் பக்கம், தீர்த்தமலைக்குப் போகிற வழி என்றேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார்கள். காலனி என்றேன். தம்பி பெங்களூரிலிருந்து குடிவரப்போவதாக அந்த அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'வீடு வாடகைக்கு' என்ற போர்டு இன்னும் தொங்குகிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் நீங்கள் என்னிடம் கேட்டது, மோட்டார் போடத் தெரியுமா என்பது மட்டும்தான்.

ரஹமத் அம்மாவின் கேள்விகளுக்கு: பள்ளிவாசல் ஸ்கூட்டரில் போகிற தூரம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பாங்கு கேட்கும். உங்கள் ஆட்கள் நகருக்குள் யாரும் இல்லை.

சுகுணா


ஜபல்பூர்,
14.1.2024

டீச்சர் அவர்களுக்கு,

என் அப்பா தர்மபுரி சந்தையில் தகரப் பெட்டி செய்து விற்றவர். அவருடைய அப்பாவும் அதையேதான் செய்தார். அந்த மாவட்டத்தில் கல்யாணம் முடிந்து போன எத்தனையோ பெண்கள் எங்கள் பெட்டியில்தான் சேலை வைத்துக்கொண்டு போனார்கள். பெரியண்ணன் வீட்டிலும் ஒன்று இருக்கும். நான் வெளியாளாம்.

நீங்கள் அந்த அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நாங்கள் பாட்டுக்கு வந்து இறங்கியிருப்போம். வந்து நின்ற பிறகு யார் என்ன பேச முடியும்? இப்போது கூட்டம் போட்டுப் பேசும் விஷயமாகிவிட்டது.

வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். நதீமிடமும் சொல்லியாகிவிட்டது. ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்து கொடுங்கள். இனி நன்மை தீமை எழுத வேண்டியதில்லை.

கவுஸ் பாஷா


மாந்தோப்பு நகர்,
11.2.2024

ஐயா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். இது நானாக எழுதும் கடிதம் இல்லை. உங்கள் மனைவி எழுதச் சொன்னார். "நான் சொன்னா அவரு பாதிதான் கேப்பாரு. நீயே எழுதிரும்மா, படிச்சுத்தானே ஆவணும்" என்றார்.

மகனைப் பார்க்க ஓசூர் வந்தவர், வியாழக்கிழமை காலை ஒரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட்டைத் திறந்த கலைமதியிடம், "நான் ரஹமத் பீவி. வூட்டுக்காரி" என்றார். நீங்கள் விற்கப்போகும் வீட்டை ஒரு தடவை பார்க்க வந்தாராம். இரண்டு நாள் தங்கினார்.

முதல் நாள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார். தரையைத் தட்டிப் பார்த்தார். சமையலறையில் நின்று, "ஷெல்ஃப பூரா அவரு ஒசரத்துக்குக் கட்டியிருக்காரு. சமைக்கப் போறது யாரு?" என்று கேட்டார். ஏழு வருடமாக நான் ஸ்டூல் போட்டுத்தான் எடுக்கிறேன்.

சாயங்காலம் முழங்கால் வலியோடு தெருவில் நடந்தார். ஒவ்வொரு கேட்டாக நின்று, "இந்த வூட்ல யாரு இருக்கீங்க?" என்று விசாரித்தார். நானும் கூடப் போனேன். ஏழு வருடத்தில் நான் பேசாத வீடுகளில்கூட அன்றைக்குப் பேசினார்கள். கடைசியாகப் பெரியண்ணன் ஐயா வீடு. அவர் ஈஸிசேரில் இருந்தார்.

"நீங்கதான் எங்க வூட்ட விக்கச் சொன்னவங்களா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "விக்கச் சொல்லலீங்க. உங்களுக்கு வசதிப்படாதேன்னு..."

"என்ன வசதிப்படாது? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

அவர் ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்று ஆரம்பித்தார். "அந்த வால்வு எங்க இருக்குது? காட்டுங்க" என்றார் உங்கள் மனைவி. பெரியண்ணன் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, தெருமுனை வரை நடந்து, மூடியைத் தூக்கிக் காட்டினார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இவர் கேட்க, அவர் குனிந்து திருப்பியும் காட்டினார். அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நிர்மலாதேவி அக்கா காபி கொண்டுவந்தார். உங்கள் மனைவி குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அந்த வீட்டில் நான் குடித்த முதல் காபி.

நம் வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முப்பது வருசத்துல ஆறு குவார்ட்டர்ஸ் மாறிட்டேன். எல்லா ஊர்லயும் குடிபோன அப்பறம்தான் 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு கேட்டாங்க. இங்க முன்னாடியே கேட்டு முடிச்சுட்டாங்க. அந்த வேலை மிச்சம். நதீம் ஃபிளாட்டு பன்னண்டாவது மாடி. அங்க கேக்கறதுக்குக்கூட ஆளு இல்ல. நான் இங்கதான் இருப்பேன்னு அவருக்கு எழுது. ஷெல்ஃப எறக்கணும்னும் எழுது."

எழுதிவிட்டேன்.

"நீ எங்கம்மா போவ?" என்று கேட்டார். மாரண்டஹள்ளியில் அக்கா வீட்டுப் பக்கம் பார்த்திருக்கிறேன் என்றேன். அங்கிருந்து தர்மபுரி பள்ளிக்குப் பஸ்ஸில் வந்து போக வேண்டும். மாடி கட்டித் தரச் சொல்கிறேன் என்றார். அதற்குக் காலம் ஆகும், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஜனவரிக் கடிதம் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

சுகுணா


ஜபல்பூர்,
3.3.2024

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

வீடு விற்பனைக்கு இல்லை. நதீம் ஒரு வாரம் பேசாமல் இருந்தான், இப்போது பேசுகிறான். ஜூன் முதல் வாரம் வருகிறோம்.

யார் மீதோ இருந்த கோபத்தை உங்கள் மீது காட்டிவிட்டேன். அது தப்பு. ஏப்ரல் என்று எழுதியதை மறந்துவிடுங்கள். எங்கள் லாரி வரும் வரைக்கும் இருக்கலாம். பாப்பாவை நன்றாக எழுதச் சொல்லுங்கள்.

ஷெல்ஃபை இறக்க ஆள் சொல்லிவிட்டேன். ஸ்டூல் போட்டு எடுக்கிறேன் என்று ஏழு வருடத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே அம்மா.

கவுஸ் பாஷா


மாந்தோப்பு நகர்,
15.9.2024

டீச்சர் அம்மா அவர்களுக்கு,

பாப்பா தர்மபுரியில் கல்லூரியில் சேர்ந்திருப்பது சந்தோஷம். தாயும் மகளும் மாரண்டஹள்ளியிலிருந்து விடியலில் பஸ் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறீர்கள் என்று ரஹமத் சொன்னாள். உங்களுக்குள் போனில் பேசிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கும் உங்களுக்கும் எழுத்தில்தான் பேச வருகிறது.

வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எழுதிய எல்லாம் சரி. லாரிச் சத்தம் எனக்குப் பெரிய விஷயமில்லை, ரயில் பக்கத்தில் படுத்தவன். பாம்பை இரண்டு தடவை பார்த்தேன். மாதுதான் வந்து விரட்டினார். நீங்கள் எழுதாத ஒன்று: பகலில் இங்கே ஆளே இருப்பதில்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நானும் பெரியண்ணனும்தான். வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தோம். அவருக்குப் பத்திரிகை படிக்கக் கண் தெரியவில்லை, நான் படிக்கிறேன். பழைய விஷயத்தை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. சிநேகம் என்று சொல்ல முடியாது. சண்டை என்றும் சொல்ல முடியாது.

இப்போது விஷயம். நிர்மலாதேவி அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மகள் கோயமுத்தூருக்கு அழைத்துப் போகிறாள். ஓரிரு வருடம் ஆகலாம். "வூட்ட நம்பிக்கையான ஆளாப் பாத்து வைங்க பாய்" என்று பெரியண்ணன் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் பத்திரிகை கேட்க வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "டீச்சரையே வரச் சொல்லுங்க" என்றார். அப்புறம், "நாங்க கெளம்புன பொறவு வந்தாப் போதும். சாவிய உங்ககிட்டக் குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதையெல்லாம் எழுதாதே, வீடு கிடைத்தது என்று மட்டும் எழுது என்கிறாள் ரஹமத். நீங்கள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. அதனால் எழுதுகிறேன். முடிவு உங்களுடையது.

கவுஸ் பாஷா


மாரண்டஹள்ளி,
22.9.2024

ஐயா அவர்களுக்கு,

கடிதத்தைக் கலைமதியும் படித்தாள். அவளுக்குக் கோபம். "ரெண்டு நாள் யோசிச்சுக் குடுக்கற வூடு நமக்கு எதுக்கும்மா?" என்றாள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. டவுனில் ஒருவர் மூன்று வாரம் யோசித்து, பிறகு இல்லை என்றார்.

இங்கே இருப்பதில் நன்மை, அக்கா பக்கத்தில் இருக்கிறாள். காய்கறி தோட்டத்திலிருந்து நேராக வருகிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தீமை, பஸ். காலையில் பாலக்கோடு தாண்டுவதற்குள் கலைமதி என் தோளில் தூங்கிவிடுகிறாள். சாயங்காலம் நான் அவள் தோளில். போன மாதம் அவள் இரண்டு பாடத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கினாள். படிக்கிற நேரமெல்லாம் பஸ்ஸில் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்ததில் பஸ்தான் பெரிதாகத் தெரிகிறது.

அதனால் வருகிறோம். அந்த வீட்டின் குறைகள் எனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

நேற்று பெரியண்ணன் ஐயாவுக்கு நானே போன் செய்தேன். அவர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்டேன். வரும் வெள்ளிக்கிழமை காலை என்றார். "நீங்க அவசரப்பட வேண்டாம் டீச்சர், சாவி பாய்கிட்ட இருக்கும், மொள்ளமா வந்து வாங்கிக்கங்க" என்றார். "இல்லைங்க ஐயா, நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி வந்துடறேன்" என்றேன். காலையிலேயேவா என்று கேட்டார். பிறகு, "வாங்க" என்றார்.

நீங்கள் சாவியை வாங்கி வைக்க வேண்டாம், ஐயா. கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவர் கையால் என் கையில் கொடுக்கட்டும். அதற்காக வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.

சுகுணா